வலப்பக்கம்

ஜனவரி 9
வலது தோள் மறுபடியும் இறங்கிவிட்டது. கார்னர் பந்தைக் குத்தி வெளியேற்ற எழும்பினேன். கையை ஊன்றி விழுந்தேன். ஆம்புலன்ஸில் யாரோ கிளவுஸைக் கழற்ற வந்தார்கள். வேண்டாம், இருக்கட்டும் என்றேன்.

ஜனவரி 10
இடது கையால் எழுதுகிறேன். தூக்கம் இல்லை.

ஜனவரி 12
இது இரண்டாவது முறை என்பதால் கிழிந்த இடத்தைத் தைத்தே ஆக வேண்டுமாம். மறுபடி ஆட ஆறு மாதம் ஆகும். எனக்கு 31 வயது. கிளப் கான்ட்ராக்ட் மே 31-ல் முடிகிறது. எத்தனை முறை விரல் விட்டு எண்ணினாலும் ஜூலைக்கு முன்னால் மே வருகிறது.

ஜனவரி 15
பொங்கல். அம்மா கரும்பைத் தோல் சீவி, துண்டு போட்டு என் வாய்க்கு நேராக நீட்டினாள்.

பிப்ரவரி 3
பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் கோல்கீப்பர் பீட்டர் செக் கதையைத்தான் சொல்கிறார்கள். 2006 அக்டோபர் 14, ரெடிங் மைதானம். ஆட்டம் தொடங்கியதுமே ஸ்டீபன் ஹன்ட்டின் முழங்கால் செக்கின் தலையில் மோதி மண்டை ஓடு உடைந்தது. ஜனவரியில் திரும்ப வந்து நின்றார். “மூணே மாசம்டா!” என்கிறார்கள். அவர் 2019-ல் ஓய்வு பெறும்வரை அதற்குப்பின் மாட்டிய கறுப்புத் தலைக்கவசத்தைக் கழற்றாமல் ஆடினாரே, அதை ஒருவரும் சொல்வதில்லை. பழைய செக் திரும்பி வரவில்லை. வேறொருவர் வந்து நன்றாக ஆடினார். இதை யாரிடம் சொல்வது? எரிச்சல்தான் வருகிறது.

ஏப்ரல் 6
மைதானத்துக்குப் போனேன். என் இடத்தில் நிற்கும் பையனுக்கு 19 வயது. நேற்றைய மேட்சில் ஃபர்ஸ்ட் போஸ்ட்டில் கோல் வாங்கியிருக்கிறான். கிராஸ் வரும் என்று ஒரு அடி முன்னால் நகர்ந்திருக்கிறான்; பந்து அவனுக்கும் கம்பத்துக்கும் நடுவே போய்விட்டது. ஓரமாக உட்கார்ந்து ஷூ லேஸை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தான்.

பிரேசில் கோல்கீப்பர் பார்போசா ஞாபகம் வந்தது. 1950 ஜூலை 16, மரக்கானா, உலகக் கோப்பையின் கடைசி ஆட்டம். பிரேசிலுக்கு டிரா போதும். முன்பு கிராஸ் அடித்துக் கோலுக்கு வழி செய்த அதே உருகுவே வீரர் கிக்கியா, 79-வது நிமிடத்தில் நேராகவே அடித்துவிட்டார். கிராஸை எதிர்பார்த்து நகர்ந்த அந்த ஒரு அடிக்காக, 2000-ல் சாகும்வரை பார்போசாவை ஊர் விடவில்லை. எனக்கென்னவோ அவர் நின்றது சரிதான் என்றே படுகிறது. அதற்கு முந்தைய பந்து கற்றுக்கொடுத்ததைத்தானே செய்தார்.

பையனிடம் பார்போசா பேச்சை எடுக்கவில்லை. “நீ நகர்ந்தது தப்பில்லடா”னு மட்டும் சொன்னேன். அவன் லேஸிலிருந்து கையை எடுத்தான்.

பிறகு விழும் முறையைக் காட்டினேன்: கை பந்துக்குப் பின்னால், முன்கை தரையில், அப்புறம் தோளின் பின்பக்கம், இடுப்பு. இடப்பக்கமாக மூன்று முறை புல்லில் சாய்ந்தேன்.

“ரைட் சைடு காட்டுங்கண்ணா.”

இருட்டிடுச்சு, நாளைக்குப் பார்க்கலாம் என்றேன். மணி ஐந்தரை.

ஏப்ரல் 7
போகவில்லை.

ஏப்ரல் 19
பால்கனியில் கிடந்த கிளவுஸ் காய்ந்து, உள்ளங்கை ரப்பர் வெடித்திருந்தது. வாளித் தண்ணீரில் முக்கி வைத்தேன். இரவு எழுந்து இரண்டு முறை தொட்டுப் பார்த்தேன்.

மே 4
பிசியோ மேட் விரித்தார். முட்டி போட்டபடி வலப்பக்கம் விழ வேண்டும். ஐந்து முறை கண்ணை மூடிக்கொண்டுதான் விழுந்தேன். ஆறாவது முறை அவர் சொல்லாமலே ஒரு பந்தை உருட்டிவிட்டார். பிடித்துவிட்டேன். தோள் வலித்ததா என்று கேட்டார். யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

கிளப்பிலிருந்து போன் வரவில்லை. பையன்தான் கூப்பிட்டான், “அண்ணா, நாளைக்கு வர்றீங்களா?” என்று.