நிழலொடு பொருத இளவரசன்

விளையாட்டைப் பற்றி எழுதுவது வீண்வேலை என்று கருதும் பெரியோர் நம்மிடையே இன்றும் பலர் உளர். சதுரங்கமும் பல்லாங்குழியும் ஏட்டில் இடம்பெற்றால் குற்றமில்லை. கணினித் திரையில் ஓடும் பொம்மை இடம்பெற்றால் மட்டும் அவர்கட்கு முகம் சுளிக்கின்றது. ஒரு தலைமுறை தன் இளமையின் எத்தனையோ மாலைப் பொழுதுகளை எதன் முன்னே உட்கார்ந்து கழித்ததோ, அது அத்தலைமுறையின் மனத்தைத் தீண்டாமல் விட்டிருக்குமோ? சுளிப்பவர் சுளிக்கட்டும். 'பிரின்ஸ் ஆப் பெர்ஷியா' என்னும் பாரசீக இளவரசனைப் பற்றிச் சில சொல்லப் புகுகின்றோம்.

இவ்விளையாட்டு 1989ஆம் ஆண்டில், ஆப்பிள் 2 என்னும் கணினிக்காக, அமெரிக்காவின் புரோடர்பண்ட் கம்பெனியாரால் வெளியிடப்பட்டது. அடுத்த ஆண்டே டாஸ் கணினிகட்கும் வந்துவிட்டது. கதை மிகச் சிறிது. சுல்தான் அயல்நாட்டுப் போரில் இருக்கின்றார். மந்திரி ஜாபர் ஆட்சியைக் கவர்ந்துகொண்டு, இளவரசியிடம், "என்னை மணப்பாயோ, சாவாயோ?" என்று கேட்டு, மணற்கடிகாரத்தைத் திருப்பி வைத்துவிட்டுப் போகின்றான். அவளுடைய காதலனோ நிலவறையிற் கிடக்கின்றான். 60 நிமிஷத்துக்குள் அவன் 12 கட்டங்களைக் கடந்து கோபுரத்தின் உச்சியை அடைந்தாக வேண்டும். கையில் வாளும் இல்லை. அதையும் முதற் கட்டத்தில் தேடிக் கண்டெடுக்க வேண்டும்.

தரையிலிருந்து முட்கள் பாயும். வாய்போல் மூடித் திறக்கும் கத்திகள் ஆளை இரண்டாக்கும். மிதித்த கல் நழுவும். நழுவாத கல்லைக் கண்டுபிடிக்கவும் மிதித்தே பார்க்க வேண்டும். செத்தவன் அக்கட்டத்தின் தொடக்கத்திற்கு மீளலாம். செலவழிந்த நிமிஷம் மட்டும் மீளாது. இதில் நேர்த்திக்கடன் இல்லை, நல்ல நேரம் பார்த்தல் இல்லை, தலையெழுத்தும் இல்லை. முள்ளிருக்கும் இடத்தில் ஓடினவன் சாவான். அடிமேல் அடிவைத்து நடந்தவன் பிழைப்பான். பத்துவயதுப் பிள்ளைக்குக் காரண காரியத்தை இவ்வளவு தெளிவாகப் போதித்த பாடப்புத்தகம் ஒன்றையும் நாம் அந்நாளிற் கண்டதில்லை.

1991இல், கிள்ளானில் நமது வீட்டிற்குக் கணினி வந்தது. தமையனாரின் படிப்பிற்கென்று தகப்பனார் கடன்பட்டு வாங்கிய பழைய பெட்டி அது. "பெண்பிள்ளைக்கு அதன் முன்னே என்ன வேலை?" என்று அத்தை ஒருநாள் சொன்னார், அச்சொல்லே வீட்டில் சட்டமாயிற்று. யாரும் நம்மை அடித்துத் துரத்தவில்லை. அருகில் உட்காரலாம், பார்க்கலாம், விசைகளைத் தொடுவது மட்டும் ஆகாது. ஆயினும் நமக்கென ஒரு பணி கிடைத்தது. கட்டம்போட்ட கணக்கு நோட்டில் நிலவறையின் வழிகளை வரைந்து வைப்பது அப்பணி. எந்தக் கல்லை மிதித்தால் எந்தக் கதவு திறக்கும், எந்தக் குப்பியில் மருந்து, எதில் நஞ்சு, எக்காவலாளி எத்தனை அடி தாங்குவான் என்பவையெல்லாம் நம் பென்சிலின் வழியே அந்நோட்டில் ஏறின.

அந்நோட்டின் கடைசிப் பக்கங்களைப் பற்றி மட்டும் சற்றுப் பெருமையுடனேயே சொல்லுவோம். டாஸ் பதிப்பில் முதற் கட்டம் முடிந்ததும் ஓர் அறை வரும். அதிற் பல குப்பிகள். ஒவ்வொன்றன் மேலும் ஓர் ஆங்கில எழுத்து. 'இத்தனையாம் பக்கம், இத்தனையாம் வரி, இத்தனையாம் சொல். அதன் முதலெழுத்தைக் குடி' என்று திரை கட்டளையிடும். விலைகொடுத்து வாங்கினவர்க்குப் பெட்டியோடு ஒரு கையேடு கிடைக்கும். படியெடுத்தவரை மடக்கவே இந்த உபாயம். நம்மிடம் இருந்ததோ நண்பர் வீட்டுத் தட்டிலிருந்து எடுத்த படி. கையேட்டை நாம் கண்ணாற் கண்டதில்லை. (படியெடுத்தல் தகுமா தகாதா என்று வழக்காடுவோர், அந்நாளில் நம் நாட்டுக் கடைத்தெருக்களில் எத்தனை அசல் விற்றது என்பதையும் சேர்த்து விசாரிப்பாராக.) தமையனார் கண்ட குப்பியைக் குடித்துச் செத்துக்கொண்டிருந்தார். நாம் கேள்வியையும் எழுத்தையும் குறித்துக்கொண்டே வந்தோம். வினாக்கள் ஒரு சிலவே என்பதும், அவை திரும்பத் திரும்ப வருகின்றன என்பதும் அப்போதுதான் புலப்பட்டது. ஒரு மாதத்திற்குள் பார்த்தறியாத புத்தகமொன்றின் முதலெழுத்துக்கள் நம் நோட்டில் ஒழுங்காய் அமர்ந்துவிட்டன.

நிற்க. விளையாட்டை ஆக்கியவர் ஜோர்டன் மெக்னர் என்பவர். கல்லூரியிற் படிக்கும்போதே 'கராத்தேக்கா' என்றொரு விளையாட்டை எழுதி 1984இல் பெயர் பெற்றவர். பாரசீக இளவரசனுக்கு அவர் நான்காண்டு உழைத்தார். அக்காலத்துத் திரைப் பொம்மைகளெல்லாம் மரத்தாற் செய்தவைபோல் விறைத்து நடந்தபோது, இவருடைய இளவரசன் மட்டும் மூச்சுவிடும் மனிதனைப்போல் ஓடினான். விளிம்பைப் பற்றித் தொங்கினான். எட்டாத இடத்திற்கு எம்பித் தடுமாறினான். காரணம் இதுதான். 1985இல் மெக்னர், பள்ளி மாணவனான தம் தம்பி டேவிட்டுக்கு வெள்ளுடை உடுத்தி, வண்டி நிறுத்துமிடமொன்றில் ஓடவும் தாவவும் ஏறவும் செய்து, அதை வீடியோவிற் பிடித்தார். பின்னர் அசைவுகளைத் துண்டுதுண்டாய்ப் பிரித்து, ஒவ்வொன்றையும் கோட்டுருவாக்கிக் கணினியில் ஏற்றினார். வாட்போரின் அசைவுகளை 1938ஆம் ஆண்டு வெளிவந்த ராபின்ஹூட் படத்தின் சண்டைக் காட்சியிலிருந்து எடுத்தார். இசையமைத்தவர் தகப்பனார் பிரான்சிஸ் மெக்னர். 1938இல் ஜெர்மானியர் ஆஸ்திரியாவை விழுங்கிய பின்னர் வியன்னாவை விட்டுத் தப்பிய யூதக் குடும்பத்துப் பிள்ளை அவர். அண்ணன் எழுத, தம்பி ஓட, தந்தை இசையமைக்க உருவான பொருள் இது. நம் வீட்டில் அண்ணன் ஆட, தங்கை வரைந்ததும் இக்கூட்டத்தில் ஒருவாறு சேரும் போலும்.

இனி நிழலைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம்மைப் பொறுத்தவரை இவ்விளையாட்டின் உயிர் அதுவே.

நான்காம் கட்டத்தின் முடிவில், முன்பு இல்லாத கண்ணாடி ஒன்று வழியை மறித்து நிற்கும். ஓடிவந்து அதனூடே பாய வேண்டும். பாய்ந்ததும் இளவரசனின் உயிர் ஒரு துளியாய்ச் சுருங்கும்; அவனிலிருந்து பிரிந்த நிழலுருவொன்று எதிர்ப்புறமாய் ஓடி மறையும். அடுத்த கட்டத்தில் அவ்வுரு நமக்கு முன்னே வந்து, நாம் குடிக்கவிருந்த மருந்தைக் குடித்துவிடும். ஆறாம் கட்டத்தில் கதவை நம் முகத்தில் மூடிப் பள்ளத்தில் விழச்செய்யும். பன்னிரண்டாம் கட்டத்தில் வாளுருவி எதிரே வந்து நிற்கும்.

இந்நிழல் பிறந்த கதை விநோதமானது. மெக்னர் தொடக்கத்தில் சண்டையே இல்லாத விளையாட்டாகத்தான் இதை அமைத்து வந்தார். அலுவலகத் தோழியான டோமி பியர்ஸ் என்னும் அம்மையார், போர் இல்லாமல் இது சுவைக்காது என்று விடாது வற்புறுத்தினார். கணினியின் நினைவிடமோ இளவரசனின் அசைவுப் படங்களாலேயே நிரம்பிவிட்டது. இன்னோர் ஆளை நுழைக்க இடமில்லை. ஆகவே இளவரசனின் படத்தையே சற்று நகர்த்தி, அதனைத் தன்மேல் தானே பொருத்தி, மினுங்கும் நிழலாக்கினார். புதுப்படம் ஒன்றும் தேவைப்படவில்லை. அதன் பின்னர் நினைவிடத்தைச் சிக்கனப்படுத்திக் காவலாளிகளையும் சேர்த்தார் என்பது வேறு. இல்லாமையிலிருந்து இத்தகைய அழகு பிறந்ததை எண்ணி இன்றும் வியக்கின்றோம். கணினியில் இடம் தாராளமாய் இருந்திருந்தால் மூக்கும் மீசையும் வைத்த மற்றொரு முரடன் வந்திருப்பான். நாமும் அவனை இந்நேரம் மறந்திருப்போம்.

பன்னிரண்டாம் கட்டத்தில் தமையனார் அந்நிழலைப் பத்துப் பதினைந்து முறை வெட்டினார். வெட்டுந்தோறும் தாமே செத்தார். திரையின் அடியில் இளவரசனின் உயிர் ஒருபுறமும் எதிரியின் உயிர் மறுபுறமும் தெரியும். நிழலுக்கு அடி விழும் அதே கணத்தில் இளவரசனுக்கும் ஒன்று குறைவதை நாம் நோட்டில் எழுதி, "வெட்டாமல் இருந்து பாருங்கள், அண்ணா" என்றோம். "நீ படத்தை மட்டும் போடு" என்றார் அவர். இரண்டு வாரம் கழித்து டியூஷனிலிருந்து திரும்பி, வாளை உறையிலிட்டு நிழலை நோக்கி ஓடவேண்டுமாம் என்று வகுப்புத் தோழன் ஒருவன் கூறிய இரகசியத்தை வீடெங்கும் பறைசாற்றினார். அப்படியே செய்ய, நிழல் அவனுள் அடங்கியது. அதன் பின்னர் வெறும் பாழ்வெளியில் ஓடினால் காலடியிற் கற்கள் தாமே தோன்றித் தாங்கின. அன்று மாலை இளவரசியை மீட்டபோது இரண்டு நிமிஷம் மிச்சம். வீட்டிலிருந்தோர் தமையனாரைப் பாராட்டினர். நாம் நோட்டை மூடி வைத்தோம்.

தமையனார் தீயவரல்லர். அவர் அன்று நம் சொல்லைக் கேட்டறியவில்லை. தோழன் சொன்னபோது கேட்டார். எத்தனையோ அலுவலகங்களில், எத்தனையோ கூட்டங்களில், ஒரு பெண் சொல்லும்போது காற்றிற் போன யோசனை, பத்து நிமிஷம் கழித்து ஓர் ஆண் சொல்லும்போது தீர்மானமாகின்றதைப் பிற்காலத்தில் நாம் கண்டோம். டோமி அம்மையாரின் சொல்லை மெக்னர் காது கொடுத்துக் கேட்டார் என்பதை அறிந்தபோது நமக்கு ஏற்பட்ட மகிழ்ச்சிக்கு இதுவும் ஒரு காரணம்.

இளவரசியைப் பற்றி ஒரு சொல். கட்டங்களுக்கிடையே அவளைக் காட்டுவர். நிற்பாள்; படுத்திருப்பாள்; மணல் வடிவதைப் பார்த்திருப்பாள். பூட்டிய அறையில் அவள் செய்யும் காரியம் ஒன்றே ஒன்று. தன்னுடன் இருக்கும் சுண்டெலியை அனுப்புகின்றாள். எட்டாம் கட்டத்தில், திறக்க வழியற்ற கதவின் பின்னே இளவரசன் செய்வதறியாது நிற்கும்போது, அச்சுண்டெலி ஓடிவந்து கல்லை மிதித்துக் கதவைத் திறந்துவிடுகின்றது. அது வராவிடில் வீரனின் வீரமெல்லாம் அந்த அறையோடு முடிந்தது. இருந்தும் விளையாட்டின் பெயர் 'பாரசீக இளவரசன்'!

ஜாபருக்கும் நியாயம் கேட்க வேண்டியிருக்கின்றது. அப்பெயருடைய மந்திரி வரலாற்றில் உண்டு. பாக்தாதை ஆண்ட ஹாரூன் அல் ரஷீதின் அமைச்சர் ஜாபர், பர்மக்கியர் குடியினர். அக்குடியின் முன்னோர் பால்க் நகரத்துப் பௌத்த விகாரத்தின் தலைவர்களாய் இருந்தவர்கள். இவர் தகப்பனார் யஹ்யா, இந்திய மருத்துவ நூல்களை அரபு மொழியில் பெயர்க்கச் செய்தவர். கல்வியை வளர்த்த அக்குடியை ஹாரூன் 803ஆம் ஆண்டில் வேரோடு வீழ்த்தி, ஜாபரின் தலையையும் கொய்தார். கொன்றவர் கதைகளில் நல்லரசராய் உலவுகின்றார். கொலையுண்டவர் 1940இல் வெளிவந்த 'பாக்தாத் திருடன்' என்னும் ஆங்கிலப் படத்தில் வில்லனானார். மைசூரிலிருந்து போன சாபு என்னும் சிறுவன் நடித்துப் புகழ்பெற்ற படம் அது. அதிலிருந்து இவ்விளையாட்டிற்கும், 1992இல் வந்த 'அலாதீன்' சித்திரப் படத்திற்கும் அப்பழி தொடர்ந்தது. மன்னரின் கதையை மன்னரைப் புகழ்வோரே சொல்லிவந்தால் வேறெப்படி ஆகும்?

விளையாட்டின் மூல நிரலைக் காணாமற் போயிற்று என்றே பல்லாண்டு கருதினர். 2012இல் தகப்பனார் பிரான்சிஸ் வீட்டு அலமாரியின் பெட்டியொன்றில் அத்தட்டுக்கள் கிடைத்தன. வல்லுநர் சிலர் கூடி அவற்றைப் படித்தெடுக்க, மெக்னர் அந்நிரலை உலகிற்கே திறந்து வைத்தார். 2015 முதல் இணையக் காப்பகத்தார் பழைய டாஸ் விளையாட்டுக்கள் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவற்றை எவரும் ஆடும்படி வைத்தபோது, இளவரசனும் அவற்றுள் இருந்தான். அங்கேதான் சென்ற ஆண்டு அவனை மறுபடியும் சந்தித்தோம். முதன்முதலாக விசைகளும் நம் கையில் இருந்தன.

நோட்டு இல்லை; வீடு மாறியபோது பழந்தாளோடு போயிற்று. ஆனால் வரைந்த கை மறக்கவில்லை. ஒவ்வொரு திருப்பமும், ஒவ்வொரு நழுவும் கல்லும் நினைவிலிருந்தன. நினைவிலிராதது ஒன்றே, எப்போது தாவுவது என்பது. வழி தெரிந்தும் முதல்வாரம் முழுவதும் பள்ளங்களில் விழுந்தோம். தாவுவதற்கு முன் எத்தனை அடி ஓட வேண்டும், விளிம்பைப் பற்ற எந்தக் கணத்தில் விசையை அழுத்த வேண்டும் என்பவை கண்ணால் பார்த்துக் கற்பவையல்ல. பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதும் கற்பதே என்று நமக்கு அந்நாளில் ஆறுதல் கூறினோர் உண்டு. விரல் கற்கவேண்டியதை விரலுக்கே கொடுக்க வேண்டும். நம் விரல்களுக்கு மூன்று மாதம் பிடித்தது.

பன்னிரண்டாம் கட்டத்தை எய்திய இரவு வீட்டில் எல்லோரும் உறங்கிவிட்டனர். நிழல் குதித்து வந்து வாளுருவியது. நாம் வாளை உறையிலிட்டோம். அதுவும் இட்டது.

மறுநாள் தமையனாருக்குத் தொலைபேசியிற் சொன்னோம். "மெகாஹிட் போட்டுத்தானே ஆடினாய், தங்கச்சி?" என்றார். விளையாட்டைத் தொடங்கும்போது அச்சொல்லைச் சேர்த்துத் தட்டினால் கட்டங்களைத் தாவிக் கடக்கலாம் என்பதை அவர் பிற்காலத்தில் அறிந்திருந்தார். இல்லையென்றோம். சற்றுநேரம் பேச்சில்லை.

"எத்தனை நிமிஷம் மிச்சம்?"

நான்கு என்றோம்.