சீப்பில் பிறக்கும் கிறிஸ்துமஸ் பலகாரம்! பரங்கிமலை டு தாம்பரம் 'கல்கல்' பயணம்

டிசம்பர் பிறந்தால் பரங்கிமலை, பல்லாவரம், தாம்பரம் பக்கத்து ஆங்கிலோ இந்தியன் வீடுகள் சிலவற்றில் புதுச் சீப்பு வாங்குவார்கள். தலை வார அல்ல, பலகாரம் செய்ய!

மைதா, முட்டை, சர்க்கரை, தேங்காய்ப்பால் சேர்த்துப் பிசைந்த மாவைக் கோலிக்குண்டு அளவில் உருட்டி, எண்ணெய் தடவிய சீப்பின் பல்லில் அழுத்திச் சுருட்டினால் வரிவரியாகச் சங்குபோல வரும். பொரித்தெடுத்தால் கல்கல். சீப்பு இல்லையா? முள்கரண்டியின் முதுகு போதும்.

பரங்கிமலை உச்சியில் 1523-ல் தேவாலயம் கட்டிய போர்த்துக்கீசியர் தொடர்புதான் இதற்கும் வேர் என்கிறார்கள். கோவாவில் இதன் பெயர் 'குல்குல்'. ரயில்வே வேலையை நம்பி வாழ்ந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் இதைத் தங்கள் கிறிஸ்துமஸ் அடையாளமாகவே ஆக்கிக்கொண்டன. கடற்கரை - தாம்பரம் மின்சார ரயில் 1931-ல் ஓடத் தொடங்கிய பாதை இது. இன்றும் அதே பாதையில் இந்த மூன்று ஊர்களையும் ஒரே டிக்கெட்டில் பார்த்துவிடலாம்.

கல்கலுக்குத் துணை, ரோஸ் குக்கீஸ். நம்ம ஊர் அச்சு முறுக்கேதான்! பூ வடிவ இரும்பு அச்சைக் காயும் எண்ணெயில் சூடாக்கி, மாவில் முக்கால் பாகம் மட்டும் முக்க வேண்டும். முழுசாக மூழ்கினால் முறுக்கு அச்சை விட்டுக் கழலாது. புது அச்சு சொன்னபடி கேட்காது. பல வருடம் எண்ணெய் குடித்த பாட்டி காலத்து அச்சுக்குத்தான் மவுசு. கேரளாவில் அச்சப்பம், இலங்கையில் கொக்கிஸ், ஸ்வீடனில் ஸ்ட்ரூவா எனப் பெயர்தான் மாறுகிறது.

ரஷ்யாவின் வடகோடியில் ஆர்க்காங்கெல்ஸ்க் நகரத்துக் குடும்பங்களும் கிறிஸ்துமஸுக்கு 'கோசுலி' செய்கின்றன. மான், ஆடு வடிவில் வெட்டிச் சுட்ட இஞ்சி ரொட்டிமேல் வெள்ளையிலும் ரோஸிலும் சர்க்கரைக் கோலம். அங்கும் இது அம்மாவிடமிருந்து மகளுக்குப் போகும் கைவேலை.

இங்கே சிக்கல் கைகளில்தான். ஒரு கிலோ மாவுக்கே நூற்றுக்கணக்கில் உருட்ட வேண்டும். பெரியப்பா, அத்தை, வாண்டுகள் என மேஜையைச் சுற்றிப் பத்துப் பேர் உட்கார்ந்து, அரட்டையோடு முடிக்கிற வேலை இது. சுதந்திரத்துக்குப் பிறகு பல குடும்பங்கள் இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, கனடா என்று கிளம்பிவிட்டன. மிச்சமிருக்கும் வீட்டில் இரண்டு பேர் உட்கார்ந்தால் எத்தனைதான் உருட்டுவது? பேக்கரி பாக்கெட் அந்த இடத்தைப் பிடித்துவிட்டது. அதைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால், பாக்கெட் கல்கலில் எல்லாமே ஒரே அளவு. வீட்டுத் தட்டில் மட்டும்தான் குழந்தை உருட்டிய கோணல் கல்கலும் கிடக்கும்.

தீபாவளிக்கு அதிரசம் கொடுத்த பக்கத்து வீட்டுக்கு முதலில் போவதும் அந்தத் தட்டுதான்.