ஓர் அங்குல இடைவெளி

பச்சைமலையின் அடிவாரத்தில் அமைந்த அரும்பாவூர், மரச்சிற்பத்தால் பெயர் பெற்ற ஊர். 2020ஆம் ஆண்டில் அச்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. வாகையிலும் மாவிலும் உளி நடக்கும் ஓசை கேட்டே அங்குப் பொழுது விடியும். அளவு தப்பிச் செதுக்கிய மரத்தை மீண்டும் ஒட்ட வைக்க இயலாது என்பதை அவ்வூர்ப் பிள்ளைகளும் அறிவர். அத்தகைய ஊரிற் பிறந்தும், அளவு பாராமல் நாம் செய்த பிழை ஒன்றை இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் அத்தா விட்டுச் சென்றவற்றுள் நாம் பெரிதும் மதித்தது ஓர் அம்பாசிடர் கார். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரை அடியொற்றி, வங்காளத்தின் உத்தரபாராவில் 2014 மே மாதம் வரை உருவாகி வந்த வண்டி அது. வளைகுடாவிலிருந்து ஊர் திரும்பியதும் அதனைப் புதுப்பிக்க எண்ணினோம். வண்ணம் பூசினோம், இருக்கைகளை மாற்றினோம். அத்துடன் நிற்கவில்லை. பளபளக்கும் அலாய் சக்கரங்கள் நான்கை வாங்கி மாட்டினோம். அத்தாவின் இரும்புச் சக்கரங்கள் நான்கும் பழைய இரும்புக் கடைக்குப் போயின.

புதிய சக்கரங்களில் ஆணிகளுக்கான துளைகள் பொருந்தின; ஆனால் சக்கரங்கள் மட்கார்டுக்குள் ஒடுங்கிப் போய் நின்றன. திருப்பத்தில் டயரின் உட்புறம் உரசியது. காரணம் எளியது. சக்கரத்தின் அகலத்துக்கு நடுக்கோடு ஒன்று உண்டு. வண்டியோடு ஒட்டும் முகம் அக்கோட்டிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதே 'ஆஃப்செட்'. முன்சக்கரங்களால் இழுபடும் இக்காலக் கார்களுக்கு அம்முகம் வெளிப்புறமாக 35 முதல் 50 மில்லிமீட்டர் வரை தள்ளியிருப்பது வழக்கம். அத்தகைய சக்கரத்தைப் பழைய காரில் மாட்டினால், அது உள்ளே புகுந்து நிற்காமல் என் செய்யும்?

பட்டறை ஒன்றில் இதற்கு மருந்து சொன்னார்கள். சக்கரத்துக்கும் அதன் இருப்பிடத்துக்கும் நடுவே 'ஸ்பேசர்' எனும் வட்டத் தகட்டை வைத்தால் சக்கரம் வெளியே வரும் என்றார்கள். நாம் அதனை இடைத்தகடு என்போம். 5 மில்லிமீட்டர்த் தகடுகளை இரண்டிரண்டாக அடுக்கி, பழைய ஆணிகளிலேயே நட்டை முடுக்கி அனுப்பினார்கள். உரசல் நின்றது. நாமும் மகிழ்ந்தோம்.

சில நாட்கள் கழித்து, உறவினர் இல்ல நிக்காஹுக்காக அம்மாவை ஏற்றிக்கொண்டு பெரம்பலூருக்குப் புறப்பட்டோம். வழியில் முன்சக்கரத்திலிருந்து 'டக் டக்' என்றோர் ஓசை. ஸ்டீயரிங் கைக்குள் நடுங்கியது. இறங்கிப் பார்த்தால், இரண்டு நட்டுகளை விரலாலேயே திருக முடிந்தது! கழற்றி எண்ணினோம், நான்கே சுற்றுகளில் கையோடு வந்தது. அந்த நான்கு சுற்றுகளில்தான் அம்மாவின் உயிர் தொங்கிக்கொண்டிருந்தது. இறைவன் காத்தான்.

வண்டியை மெல்ல ஊருக்குத் திருப்பினோம். தேர்ச்சக்கரம் செய்து கைபழகிய முதிய ஆசாரியார் ஒருவர் அருகில் அமர்ந்து பார்த்தார். கழற்றிய சக்கரத்தின் நடுத்துளையில் கையை விட்டு, “தம்பி, இருசும் குடமும் பொருந்தாத சக்கரத்தைக் கடையாணியா தாங்கும்?” என்று கேட்டார். கார் ஓட்டியறியாத அவர், பட்டறைக்காரர்கள் பார்க்கத் தவறியதைக் கண்டுவிட்டார்.

அலாய் சக்கரத்தின் நடுத்துளை பெரிது. வண்டியின் குடமோ சிறிது. சக்கரத்தை நடுவில் நிறுத்த வேண்டியது குடத்தின் விளிம்பு. அதனை அசையாமல் அழுத்திப் பிடிக்க வேண்டியது நட்டின் இறுக்கம். நாம் இரண்டையும் இழந்திருந்தோம். ஆணியின் விட்டம் எவ்வளவோ, அவ்வளவு நீளமாவது நட்டு மரையில் ஏறியிருக்க வேண்டும் என்பது பொதுவிதி. 12 மில்லிமீட்டர் ஆணியில் மரை ஒன்றரை மில்லிமீட்டருக்கு ஒன்றாக இருந்தால், எட்டுச் சுற்று வேண்டும். தகட்டின் மேல் தகட்டை அடுக்குவதும் ஆகாது.

டிக்கியில் ஸ்டெப்னியாக அத்தாவின் இரும்புச் சக்கரம் ஒன்று எஞ்சியிருந்தது. அதுவே நமக்கு அளவுகோலாயிற்று. இரண்டையும் தரையில் கிடத்தி, மேலே நேர்ச்சட்டம் வைத்து அளந்தோம். நடுக்கோட்டின் வேறுபாடு 25 மில்லிமீட்டர். ஏறக்குறைய ஓர் அங்குலம். அந்தக் கனத்தில், கட்டி அலுமினியத்தில் கடைந்த ஒற்றைத் தகடுகளைச் செய்வித்தோம். உட்துளை குடத்தைக் கவ்வியது. வெளிவிளிம்பு சக்கரத்தின் துளையில் அமர்ந்தது. பழைய ஆணிகள் தகட்டைப் பிடிக்க, தகட்டின் சொந்த ஆணிகள் சக்கரத்தைப் பிடித்தன. துருவைச் சுரண்டி, இறுக்க அளவு காட்டும் ஸ்பானரால் முடுக்கி, 100 கிலோமீட்டர் ஓடியதும் மீண்டும் முடுக்கினோம். நடுக்கம் நின்றது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இடைத்தகடு பிழையைத் திருத்தவே உரியது; அழகுக்காகச் சக்கரத்தை வெளியே தள்ளுவதற்கன்று. அளவு மீறினால் பேரிங் தேயும். ஸ்டீயரிங் குணம் மாறும். பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளரின் மூல அமைப்புக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றலாகாது என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019 சனவரியில் உச்சநீதிமன்றமும் அதனை வலியுறுத்தியது. ஆகவே போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டாரிடமும் முன்னரே கேட்டுக்கொள்வது நலம். நாமும் இத்தகடுகளை நிலையான தீர்வாகக் கருதவில்லை. அத்தாவின் சக்கரங்களைப் போன்ற நான்கு இரும்புச் சக்கரங்களைத் தேடிக்கொண்டே இருக்கிறோம்.

அத்தா வண்டியை எடுக்குமுன் நான்கு சக்கரங்களையும் சுற்றி வந்து, ஒவ்வொரு நட்டையும் தொட்டுப் பார்ப்பார். சிறுவர்களாயிருந்த நாம் அதைக் கண்டு சிரித்ததுண்டு. இப்போது நாமும் அவ்வாறே சுற்றி வருகிறோம். அது முடியும்வரை அம்மா வண்டியில் ஏறுவதில்லை.