ஸ்டார்லிங் குறிப்புகள்

ஸ்டார்லிங். மைனாவுக்குச் சொந்தக்காரப் பறவை. கேட்ட சத்தத்தை அப்படியே திருப்பிச் சொல்லும்.

அந்தப் பெயரில் ஒரு பிரிட்டிஷ் போர்க்கப்பல், எச்.எம்.எஸ். ஸ்டார்லிங். கிளாஸ்கோவில் கோவன், ஃபேர்ஃபீல்டு கப்பல் தளம். 1942 அக்டோபரில் தண்ணீரில் இறங்கியது. 1943 ஏப்ரலில் வேலைக்கு வந்தது.

நீளம் 300 அடிக்கு அரை அடி குறைவு. நாலு ரயில் பெட்டி. அதற்குள் சுமார் 190 பேர், பீரங்கிகள், நூற்றுக்கும் மேல் டெப்த் சார்ஜ்.

டெப்த் சார்ஜ் என்றால் பீப்பாய். நிஜமாகவே பீப்பாய் வடிவம். உள்ளே 130 கிலோ வெடிமருந்து. எந்த ஆழத்தில் வெடிக்க வேண்டும் என்று முன்கூட்டியே திருகி வைத்துவிட்டு, பின்பக்கத்திலிருந்து உருட்டி விடுவார்கள்.

கூடவே போன கப்பல்கள்: வைல்டு கூஸ், சிக்னெட், ரென், உட்பெக்கர், கைட். பிறகு மேக்பை. காட்டு வாத்து, அன்னக்குஞ்சு, விரல் நீளக் குருவி, மரங்கொத்தி, பருந்து.

இந்தக் கப்பல்களின் தலைவர் ஃபிரெடெரிக் ஜான் வாக்கர். கூப்பிட்ட பெயர் ஜானி. இரண்டாம் உலகப் போருக்கு முன் பதவி உயர்வில் ஒதுக்கப்பட்டவர். அவர் எடுத்துக்கொண்ட துறை நீர்மூழ்கி எதிர்ப்பு. அந்தக் காலத்தில் யாரும் மதிக்காத துறை.

இவர்களுக்குப் பெயர் இரண்டாவது சப்போர்ட் குரூப். சரக்குக் கப்பல்கள் சேர்ந்து போகும் கான்வாயோடு ஒட்டிப் போகிற காவல் கப்பலுக்கு ஒரு கஷ்டம் உண்டு. நீர்மூழ்கியைக் கண்டாலும் ரொம்ப நேரம் துரத்த முடியாது. சரக்குக் கப்பல்கள் அங்கே தனியாகப் போய்க்கொண்டிருக்கும். திரும்ப ஓட வேண்டும். சப்போர்ட் குரூப்புக்கு அந்தக் கட்டு இல்லை. அங்கேயே நிற்கலாம்.

நேரம். அடிக்கோடு.

1943 ஜூன் 1 காலை. ஜெர்மன் நீர்மூழ்கி யு-202 சிக்கியது. 15 மணி நேரம் அதன் தலைக்கு மேலேயே நின்றார்கள். கீழே காற்று தீரும், பேட்டரி தீரும். நள்ளிரவு தாண்டியதும் தானாக மேலே வந்தது. 18 பேர் செத்தார்கள். 30 பேர் பிழைத்தார்கள்.

இதே யு-202 ஒரு வருடம் முன்பு நியூயார்க் பக்கம் லாங் ஐலண்ட் கரையில் நாலு நாசகாரர்களை இறக்கிவிட்டுப் போனது. அன்று மணலில் தரை தட்டி, எப்படியோ தப்பியது.

அஸ்டிக். ஸ்டார்லிங் மாதிரிக் கப்பலுக்குக் கண் கிடையாது, காதுதான். கப்பலின் அடியில் ஒரு குமிழ். அதற்குள்ளிருந்து ஒரு ஒலி போகும். பிங். ஏதாவது தட்டுப்பட்டால் மெல்லிசாகத் திரும்பி வரும்.

ஹெட்போன் மாட்டிய பையன் கேட்டுக்கொண்டே இருப்பான். திரும்பி வரும் ஒலியின் சுருதி ஏறினால் எதிரி நம்மை நோக்கி வருகிறான். இறங்கினால் விலகுகிறான். சுருதி சேராத காது இந்த வேலைக்கு ஆகாது.

திமிங்கலமும் பதில் சொல்லும். மீன் கூட்டமும் சொல்லும். எப்போதோ மூழ்கிய கப்பலும் சொல்லும்.

ஜெர்மானியர்கள் ஒரு சின்ன டப்பாவை வெளியே தள்ளுவார்கள். உள்ளே கால்சியம் ஹைட்ரைடு. தண்ணீர் பட்டதும் பொங்கும். அந்தக் குமிழிக் கூட்டமும் நீர்மூழ்கி மாதிரியே பதில் சொல்லும்.

ஒரு குறை. கிட்டே போகப் போக அஸ்டிக் ஒலி நீர்மூழ்கியின் தலைக்கு மேலே தாண்டிவிடும். குண்டு போடுகிற அந்தக் கடைசி நேரத்தில் மேலே இருப்பவனுக்கு எதுவும் கேட்காது. கீழே இருப்பவனுக்கோ எல்லாம் கேட்கும். கப்பல் வேகம் எடுப்பது, ஓசை கிட்டே வருவது. சட்டென்று திரும்பி ஒதுங்கிவிடுவான்.

இதற்கு வாக்கர் கண்டுபிடித்த வழி புரியவில்லை. சாப்பாட்டு மேஜையில் மூன்று தீப்பெட்டி வைத்துப் பார்த்தேன்.

முதல் பெட்டி நீர்மூழ்கி. இரண்டாவது ஸ்டார்லிங். ஆயிரம் கெஜம் பின்னால் நிற்கிறது. பிங் அடித்துக்கொண்டே இருக்கிறது. கீழே இருப்பவனுக்கு அந்தச் சத்தம் தூரத்தில் கேட்கிறது. தூரத்தில்தானே இருக்கிறான் என்று இருக்கிறான்.

மூன்றாவது பெட்டி குரூப்பின் இன்னொரு கப்பல். அதை விரலால் மெதுவாகத் தள்ளினேன். அஸ்டிக்கை நிறுத்திவிட்டு, 5 நாட் வேகத்தில் வருகிறது. சைக்கிளை மெல்ல மிதிக்கிற வேகம். அந்த வேகத்தில் அதன் சுழலி கீழே கேட்காது. அந்தக் கப்பலுக்கும் கீழே இருப்பவனின் சத்தம் கேட்காது. ஸ்டார்லிங் சொல்கிறது: கொஞ்சம் வலது, நேராக, இப்போது போடு.

மூன்றாவது பெட்டி முதல் பெட்டியின் மேல் ஏறியது. விரலை எடுத்துவிட்டேன்.

26 பீப்பாய் வரை ஒரே நடையில் போடுவார்களாம். இந்த முறையின் பெயர் கிரீப்பிங் அட்டாக். பதுங்கல் தாக்குதல்.

ஆயுதம் வைத்திருக்கும் கப்பலுக்குக் காது இல்லை. காது வைத்திருக்கும் கப்பல் ஆயுதத்தைத் தொடுவதில்லை.

1943 ஜூன் 24. யு-119 மேலே வந்தது. ஸ்டார்லிங் நேராகப் போய் முட்டியது. முன்பக்கம் வளைந்தது. அஸ்டிக் குமிழ் போயிற்று. காது போன கப்பலை அப்படியே விட்டு, வாக்கர் வைல்டு கூஸுக்கு மாறி வேட்டையைத் தொடர்ந்தார்.

யு-119-இல் 57 பேர். ஒருவரும் பிழைக்கவில்லை.

அந்த ஆகஸ்டில் வாக்கரின் மகன் டிமத்தி. பார்த்தியன் என்ற பிரிட்டிஷ் நீர்மூழ்கியில் இருந்தான். மத்தியதரைக் கடலில் ரோந்து போன பார்த்தியன் திரும்பவில்லை.

இந்த இரண்டு குறிப்பும் என் நோட்டில் ஒரே பக்கத்தில் விழுந்திருக்கிறது. அப்படியே இருக்கட்டும்.

1943 செப்டம்பரிலிருந்து ஜெர்மானியர்களிடம் புது டார்பிடோ. சத்தத்தைக் கேட்டுப் பின்தொடரும். கப்பலின் சுழலி எங்கே சுழல்கிறதோ அங்கே போய் வெடிக்கும்.

அவர்கள் வைத்த பெயர் ஸவுன்கோனிக். ஜெர்மன் மொழியில் ரென் குருவி.

வாக்கர் குரூப்பிலும் ஒரு ரென். கடற்படைப் பெண்கள் பிரிவுக்கும் ரென் என்றுதான் பெயர்.

அந்தப் பெண்கள் சிலர் லிவர்பூலில் டெர்பி ஹவுஸ் கட்டடத்தில் தரையில் கட்டம் போட்டு, சாக்குக்கட்டியால் கான்வாய்களை வரைந்தார்கள். கடலில் இருந்து வந்த அதிகாரிகள் திரைச்சீலையின் ஓட்டை வழியாகப் பார்த்துப் போர் விளையாட்டு ஆட வேண்டும். கடலில் எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் ஓட்டை வழியே தெரியும். கடலையே பார்க்காத இருபது வயதுப் பெண்கள் நீர்மூழ்கியாக நின்று கேப்டன்களைத் தோற்கடித்திருக்கிறார்கள். கற்றுக்கொண்டு போனார்கள் கேப்டன்கள்.

புது டார்பிடோவுக்கு மாற்று: ஃபாக்ஸர். இரும்புக் குழாய்களைக் கப்பலுக்குப் பின்னால் கட்டி இழுப்பது. தடதடவென்று சத்தம் போடும். டார்பிடோ அதைத் தேடிப் போகும். ஆனால் அந்த இரைச்சலில் இழுக்கிற கப்பலின் காதே அடைத்துவிடும். வாக்கருக்குப் பிடிக்காது.

1944. ஜனவரி 31, யு-592. பிப்ரவரி 8, யு-762. 9-ம் தேதி ஒரே நாளில் யு-734, யு-238. 11-ம் தேதி யு-424. 19-ம் தேதி யு-264. ஒரே பயணத்தில் ஆறு.

முதல் ஐந்திலும் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. ஆறாவதில் 52 பேர். 52 பேரும் பிழைத்தார்கள்.

52 ஈரமான ஆட்கள். அவர்களை மேலே இழுத்தவை முந்தின ஐந்துக்கும் பீப்பாய் உருட்டிய அதே கைகள்.

மறுநாள் 20-ம் தேதி. உட்பெக்கரின் பின்பக்கத்தை ஒரு ஸவுன்கோனிக் பிய்த்துக்கொண்டு போனது. ஏழு நாள் கட்டி இழுத்துப் பார்த்தார்கள். சில்லித் தீவுகள் பக்கம் 27-ம் தேதி கவிழ்ந்தது.

குருவி மரங்கொத்தியை.

மீதிக் கப்பல்கள் லிவர்பூல் கிளாட்ஸ்டன் டாக்கில் நுழைந்தபோது கரையில் கூட்டம், பேண்ட். வாக்கரின் கப்பல் துறைமுகத்துக்குள் நுழையும்போது ஒலிபெருக்கியில் வேட்டைப் பாட்டு ஒன்று போடுவது வழக்கம். அன்று கரையிலும் அதையே வாசித்தார்கள். வாரக்கணக்கில் மெல்லிய எதிரொலியை மட்டும் கேட்டு வந்த பையனுக்கு அந்த பேண்ட் எப்படி இருந்திருக்கும்?

அதே பிப்ரவரி 11. யு-424 அட்லாண்டிக்கில் மூழ்கிய அதே தேதி. விசாகப்பட்டினத்துக்குத் தெற்கே ஆர்.ஓ.-110 என்ற ஜப்பானிய நீர்மூழ்கியை இரண்டு ஆஸ்திரேலியக் கப்பல்களும் ஓர் இந்தியக் கப்பலும் சேர்ந்து மூழ்கடித்தன. இந்தியக் கப்பலின் பெயர் ஜம்னா.

ஸ்டார்லிங் போலவே ஜம்னாவும் பிளாக் ஸ்வான் வகைதான். ராயல் இந்தியக் கடற்படைக்கு இதே வகையில் ஆறு கப்பல். பிரிட்டனுக்குப் பறவைப் பெயர். நமக்கு ஆற்றுப் பெயர். சட்லஜ், ஜம்னா, நர்மதா, கோதாவரி, கிருஷ்ணா, காவேரி.

காவேரி கட்டப்பட்டது ஸ்காட்ஸ்டனில், யாரோ என்ற பெயருள்ள கப்பல் தளத்தில். ஸ்டார்லிங் பிறந்த கோவன் கிளைடு ஆற்றின் தென்கரை. ஸ்காட்ஸ்டன் வடகரை.

கிளைடு தண்ணீரில் முதலில் மிதந்த காவேரி.

1944 ஆகஸ்டில் செஷல்ஸ் பக்கம் யு-198. மூழ்கடித்தவற்றில் ஒன்று கோதாவரி. 1947-ல் கோதாவரி பாகிஸ்தானுக்குப் போனது. பெயர் சிந்து ஆனது. நர்மதா ஜீலம் ஆனது. காவேரி இங்கே காவேரியாகவே இருந்தது.

1944 ஆகஸ்ட் 21. நார்வேக்கு வடமேற்கே, ரஷ்யா போகும் கான்வாய். பருந்துப் பெயர்க் கப்பல் கைட். ஃபாக்ஸர் கம்பிகள் சிக்கிக்கொண்டன. அவிழ்க்க வேகத்தை 6 நாட்டுக்குக் குறைத்தார்கள். யு-344 பார்த்துக்கொண்டிருந்தது. 217 பேர் போனார்கள். பிழைத்தவர்கள் ஒன்பது.

அவிழ்த்துக்கொண்டிருந்த கைகளையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஆர்க்டிக் தண்ணீர். விறைத்த விரல்.

மேக்பையின் கேப்டனாக 1950-ல் வந்தவர் இளவரசர் பிலிப். லிவர்பூல் பியர் ஹெட்டில் வாக்கர் சிலையை 1998-ல் திறந்து வைத்தவரும் அவர்தான்.

போர் முடிந்தபின் ஸ்டார்லிங்கின் ஆயுதங்களைக் கழற்றினார்கள். இளம் அதிகாரிகளுக்குக் கடலில் வழி கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுக்கும் கப்பல் ஆனது. 1965-ல் குயின்பரோவில் உடைத்தார்கள்.

வாக்கர். 1944 ஜூனில் நார்மண்டி இறக்கம். ஆங்கிலக் கால்வாயின் மேற்கு வாயிலை நீர்மூழ்கி நுழையாமல் அடைத்து நிற்கும் வேலை. ஜூலை 7, மூளையில் ரத்தம் உறைந்தது. 9-ம் தேதி கடற்படை மருத்துவமனையில் போய்விட்டார். வயது 48. ஓயாத வேலைதான் காரணம் என்றார்கள்.

அப்போது இன்னும் கட்டி முடிக்காத லிவர்பூல் கதீட்ரலில் பிரார்த்தனை. கொடி போர்த்திய பெட்டியைத் தெருவழியாகத் துறைமுகத்துக்குக் கொண்டு வந்தார்கள். கடலில்தான் அடக்கம்.

கொண்டு போனது ஹெஸ்பெரஸ் என்ற வேறு கப்பல். அவருடைய கப்பல்கள் எதுவும் துறைமுகத்தில் இல்லை. ரோந்தில் இருந்தன.