அரைப்படி நெல்

கீழத்தஞ்சையில் கீழ்வெண்மணி என்ற ஊரில் கேட்டது அரைப்படி நெல். அறுவடைக் கூலியில் அரைப்படி கூட்டிக் கொடுங்கள் என்றார்கள் கூலிக்காரர்கள். முதலில் செங்கொடியை இறக்கு, அப்புறம் பேசலாம் என்றார்கள் மிராசுதார்கள். இறக்க மாட்டோம் என்றார்கள். 1968 டிசம்பர் 25 இரவு, தீ வைக்கப்பட்ட ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்துபோனார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள்.

ஆண்டுதோறும் அந்த நாளில் கீழ்வெண்மணிக்கு வேனிலும் பஸ்ஸிலும் கூட்டம் வருகிறது. நானும் போய்க் கூட்டத்தின் கடைசியில் நின்றதுண்டு. மேடையில் தீயும் ரத்தமும் புரட்சியும் வெகுநேரம் பேசப்படும். அரைப்படி நெல் ஒரே வாக்கியத்தில் கடந்துவிடும். தீயைப் பற்றி உணர்ச்சியோடு பேச யாராலும் முடியும். ஆனால் கூலிக்காரர்கள் ஒன்றாக நின்று, அரைப்படி கூடக் கொடு என்று ஆண்டையின் முகத்தைப் பார்த்துக் கேட்கும் நிலைக்கு வந்தார்களே, அதற்குப் பின்னால் இருபத்தைந்து வருட வேலை கிடக்கிறது. அது மேடையில் சொல்லக் கொஞ்சமும் சுவை இல்லாத வேலை. எனக்கு அதைப் பற்றித்தான் பேச ஆசை.

1943-இல் கம்யூனிஸ்ட் கட்சி பி. சீனிவாசராவைத் தஞ்சைக்கு அனுப்பியது. தாய்மொழி கன்னடம், பிறந்த சாதி பிராமணம். வந்த இடத்தில் பண்ணையாள் என்பவன் ஏறக்குறைய அடிமை. வேலைக்குத் தாமதமாக வந்தால் சாட்டையடி, எதிர்த்துப் பேசினால் சாணியைக் கரைத்து வாயில் ஊற்றுவது. சாணிப்பால் என்று அதற்குப் பெயரே இருந்தது. உலகப் புரட்சியை நம்பி வந்த மனிதர் அங்கே செய்த வேலைகளைப் பாருங்கள். சேரிகளில் தங்கினார், அங்கேயே சாப்பிட்டார், வரப்பு வரப்பாக நடந்தார், ஊர் ஊராகச் சங்கம் வைத்தார். அடித்தால் திருப்பி அடி என்று சொல்லிக் கொடுத்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். சங்கத்தின் கோரிக்கைகளில் முத்திரை மரக்காலும் ஒன்று என்பது அவ்வளவாகத் தெரியாது. அளக்கிற மரக்காலிலேயே திருட்டு இருந்தது. நெல்லை வாங்க ஒரு மரக்கால், கூலி போட வேறொரு மரக்கால். அரசாங்க முத்திரை குத்திய மரக்காலில்தான் அளக்க வேண்டும் என்று சங்கம் கேட்டது. 1944-இல் சாட்டையடியையும் சாணிப்பாலையும் நிறுத்துவதாக மிராசுதார்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள்.

மரக்காலில் முத்திரை இருக்கிறதா என்று ஒவ்வொரு களத்திலும் பார்ப்பது புரட்சியா, சீர்திருத்தமா? என் இளமையில் இப்படிப்பட்ட கேள்விக்கு விடிய விடிய விவாதம் நடக்கும். சீனிவாசராவுக்கு அந்த விவாதத்துக்கு நேரம் கிடைத்திருக்காது என்றே நினைக்கிறேன்.

புரட்சி பேசுகிறவர்களைக் கிண்டல் செய்யும் கூட்டத்தில் என்னைச் சேர்த்துவிட வேண்டாம். 1952 தேர்தலில் தஞ்சையில் கம்யூனிஸ்டுகள் ஜெயித்து வந்தார்கள். அதே வருடம் ராஜாஜி அரசாங்கம் சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தை அவசர அவசரமாகக் கொண்டுவந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். மனு எழுதிக் கெஞ்சியதால் வந்த சட்டம் அல்ல அது. கொஞ்சம் விட்டால் எல்லாம் போய்விடும் என்ற பயத்தில் வந்த சட்டம். பயமுறுத்துகிறவர்கள் யாருமே இல்லாத ஊரில், நல்ல மனத்தோடு சேவை செய்கிறவர்கள் கடைசிவரை நோட்டுப் புத்தகம்தான் வழங்கிக்கொண்டிருப்பார்கள்.

ஆனால் அந்தச் சட்டம் வந்ததும் நடந்ததையும் சொல்ல வேண்டும். பண்ணையாளுக்குத்தானே பாதுகாப்பு? நிறைய மிராசுதார்கள் பண்ணையாள் முறையையே கைவிட்டு, அதே ஆளைத் தினக்கூலியாக வைத்துக்கொண்டார்கள். அதே வயல், அதே ஆள். சட்டத்துக்கு மட்டும் அங்கே வேலை இல்லை. 1961-இல் நில உச்சவரம்பு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்று ஆனது. 1970-இல் அது 15 ஆகக் குறைந்தது. பினாமிப் பெயர்களும் அறக்கட்டளைகளும் முளைத்தன. எதிர்த்தரப்பு ஒரு நாள்கூட வேலையை விட்டு ஓய்ந்திருக்கவில்லை. கணக்குப்பிள்ளையையும் வக்கீலையும் வைத்துக்கொண்டு, பொறுமையாக, தினமும், ஒவ்வொரு காகிதமாக அவர்கள் செய்துகொண்டே இருந்தார்கள். அன்றாட வேலையின் மகிமை ஏழைகளின் நண்பர்களைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

என்னைக் கேட்டால் கீழத்தஞ்சையின் பெரிய சட்டம் 1971-இல் வந்த குடியிருப்புச் சட்டம்தான் என்பேன். இதற்கு நினைவுத் தூண் எதையும் நான் பார்த்ததில்லை. கூலிக்காரரின் குடிசை அதுவரை மிராசுதாரின் நிலத்தில் நின்றது. வேலைநிறுத்தம் என்று சொன்னால், சரி, குடிசையைப் பிரித்துக்கொண்டு போ என்பார்கள். பெண்டாட்டி பிள்ளைகளோடு அடுத்த வேளைக்கு எங்கே நிற்பது என்று தெரியாதவனிடம் வர்க்க உணர்வை எவ்வளவு ஊட்டினாலும் என்ன ஆகும்? குடிசை நிற்கும் அந்தச் சில சென்ட் மண் அவனுக்கே சொந்தம் என்று அந்தச் சட்டம் சொன்னது. அதற்குப் பிறகு கூலி பேசும்போது அவன் நிற்கிற நிலையே வேறு. போராட்டத்துக்குக் காலூன்ற இடம் கொடுத்தது, சர்வே எண்ணும் நாற்புற எல்லையும் எழுதிய ஒரு தாள்.

தாள் தானாக வீட்டுக்கு வந்துவிடவில்லை. எழுபதுகளின் கடைசியில் நாங்கள் கல்லூரியில் படித்த நாட்களில், தாலுகா அலுவலக வாசல் புளியமரத்தடியில் சங்கத்துக்காரர் ஒருவரைப் பார்ப்போம். மஞ்சள் துணிப்பை, அது நிறையச் சேரி மக்களின் காகிதங்கள். என்னோடு ஒரு நண்பன் இருந்தான், கையில் எப்போதும் சிவப்பு அட்டைப் புத்தகம். ஒரு நாள் அவரிடமே கேட்டுவிட்டான்.

"மனு குடுத்துக் குடுத்தே காலத்த ஓட்டிடுவீங்க போலருக்கே தோழர்? இந்த அரசாங்கம் யாரோட அரசாங்கம்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

அவர் கோபப்படவில்லை. பையைத் துழாவி ஒரு தாளை எடுத்தார். "தெரியும் தம்பி. இந்தா, இதக் கொஞ்சம் படிச்சுக் காட்டுங்க. கண்ணாடிய வீட்டுல வெச்சுட்டு வந்துட்டேன். எழுதுனதுக்கு ரெண்டு ரூவா வாங்கிருக்கான், சரியா எழுதிருக்கானான்னு பாக்கணும்."

நண்பன் படித்தான். பையில் இருந்த பழைய தாளோடு ஒப்பிட்டுப் பார்த்தான். சர்வே எண்ணில் ஓர் உட்பிரிவு மாறியிருந்தது. அதைக் கண்டுபிடித்தவன் அவன்தான். அப்படியே கொடுத்திருந்தால் பக்கத்துக் களத்துமேட்டுக்கு மனுப் போட்டதாக ஆகி, ஆறு மாதம் கழித்து நிராகரித்திருப்பார்கள். பெரியவர் இன்னும் மூன்று தாள்களை எடுத்து நீட்டினார். எங்களுக்கு அன்று மதியக் காட்சி போச்சு.

இதே மாதிரி வேலையை வேறு வழியில் செய்த கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனைப் பற்றி இடதுசாரி நண்பர்களிடம் பேசுவது சிரமம். வெண்மணிக்குப் பிறகு அந்தப் பகுதிக்கு வந்து, அங்கேயே தங்கி வேலை செய்த காந்தியவாதி. அவரும் கணவர் ஜெகந்நாதனும், நிலத்தைத் தானமாகக் கேட்ட வினோபா பாவேயின் பூதான இயக்கத்தில் நடந்தவர்கள். தானத்தை மட்டும் நம்பினால் போதிய நிலம் கிடைக்காது என்பது நடந்து தெரிந்துகொண்ட பாடம். 1981-இல் லாஃப்டி என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். விற்க விரும்பும் நிலக்காரரிடம் விலை பேசி, வங்கிக் கடன் வாங்கி, நிலமில்லாத தலித் குடும்பங்களுக்கு ஏக்கர் ஏக்கராகப் பிரித்துப் பெண்கள் பெயரில் பதிவு செய்வது வழி. சுமார் 13,000 ஏக்கர் இப்படிக் கைமாறியது என்கிறார்கள். 2008-இல் இருவருக்கும் மாற்று நோபல் என்று அழைக்கப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது.

நண்பர்களின் எதிர்வாதம் வலுவானது. உழைத்தவனுக்கு நியாயமாகச் சேர வேண்டிய நிலத்துக்கு, உழைப்பைச் சுரண்டியவனிடமே பணம் கொடுப்பதா? அதையும் ஏழை கடன் பட்டுக் கொடுப்பதா? டெல்டா முழுவதற்கும் இது எந்த மூலைக்கு? மூன்றும் சரியான கேள்விகள். இவற்றுக்கு என்னிடம் மறுப்பு இல்லை. நான் பார்ப்பது வேறு ஒன்றை. நிலத்துக்குக் கடன் கொடு என்று கூலிக்காரப் பெண்கள் வங்கிக்குள் போய் நிற்பதும், மேலாளர் வேறு வழியில்லாமல் அவர்கள் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்வதும் அதற்கு முன்னால் அந்த வட்டாரம் பார்த்த காட்சிகள் அல்ல. அந்தப் பெண்களை யார் வங்கிவரை கூட்டிப்போயிருந்தாலும் நான் கும்பிடுவேன். கொடி எந்த நிறமென்று பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

கிருஷ்ணம்மாளை வெறும் சமரசவாதி என்று தள்ளவும் முடியாது. கடலோரத்தில் இறால் பண்ணைகள் வந்து வயலையும் கிணற்றையும் உப்பாக்கியபோது இருவரும் மறியல் செய்தார்கள். ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம்வரை போனார். 1996 டிசம்பரில் வந்த தீர்ப்பு நாடு முழுவதும் கடலோர இறால் பண்ணைகளை உலுக்கியது. அப்போது அவருக்கு வயது எண்பதைத் தாண்டியிருந்தது.

எல்லாத் தீர்ப்பும் அப்படி அமையவில்லை. வெண்மணி வழக்கில் தண்டனை பெற்ற நிலக்காரர்களை உயர் நீதிமன்றம் 1973-இல் விடுதலை செய்தது. பெரிய நிலக்காரர்கள் தாங்களே நேரில் போய்த் தீ வைத்திருப்பார்கள் என்பதை நீதிமன்றத்தால் நம்ப முடியவில்லை. அவர்களில் முதன்மையான கோபாலகிருஷ்ண நாயுடு 1980 டிசம்பரில் வெட்டிக் கொல்லப்பட்டார். தீவிர இடதுசாரி இளைஞர்களின் செயல் அது. நீதிமன்றம் கைவிட்ட இடத்தில் மிஞ்சியிருந்த ஆத்திரம் எனக்குப் புரிகிறது. அதற்கு மேல் தீர்ப்புச் சொல்ல நான் ஆள் இல்லை. ஒன்று மட்டும் சொல்வேன். அந்தக் கொலையைப் பற்றி மணிக்கணக்கில் பேசக்கூடியவர்களை எனக்குத் தெரியும். அந்த வருடம் எங்கள் பக்கம் அறுவடைக் கூலி எவ்வளவு என்று கேட்டால் அவர்களில் ஒருவருக்கும் பதில் தெரியாது.

இப்போது அறுவடையைச் செய்வது மெஷின். படி, மரக்கால் எல்லாம் போய்க் கூலி ரூபாயில். நூறு நாள் வேலைத் திட்டம் 2006-இல் முதலில் வந்த மாவட்டங்களில் வெண்மணி இருக்கும் நாகப்பட்டினமும் ஒன்று. அங்கே மரக்காலின் இடத்தில் வருகைப் பதிவேடு வந்து உட்கார்ந்தது. யார் வந்தார், யார் பெயரில் கையெழுத்து, எத்தனை நாள் கூலி பாக்கி என்று பார்க்க முத்திரை மரக்கால் காலத்தில் தேவைப்பட்ட அதே மாதிரி ஆள் வேண்டும். குடியிருப்புச் சட்டத்தில் வந்த மனைகளில் பல இன்னும் தாத்தா பெயரிலேயே கிடக்கின்றன. வாரிசுச் சான்று இல்லை, பாகம் பிரிக்கவில்லை. பேரன் வீடு கட்ட அரசு உதவிக்குப் போனால் உன் பெயரில் மனை எங்கே என்கிறார்கள்.

எங்கள் தெருவில் நாலைந்து பையன்கள் இருக்கிறார்கள். நல்ல படிப்பு, நல்ல கோபம், சட்டையில் சே குவேரா. இந்த அமைப்பையே தூக்கிப் போட வேண்டும் என்கிறார்கள். போடட்டும், நான் குறுக்கே நிற்கவில்லை. அதுவரைக்கும் திங்கட்கிழமைகளில் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்கு என்னோடு வரச் சொல்லியிருக்கிறேன். பட்டா மாறுதலுக்கு எங்கள் ஊரிலிருந்து ஏழெட்டு மனு நிற்கிறது, வில்லங்கம் படிக்கத் தெரிந்த ஆள் குறைவு. ஒன்பது மணிக்குள் வந்துவிட வேண்டும், பதிவு வரிசை நீளம். பேனாவை அவரவர் கொண்டுவர வேண்டும். அங்கே இரவல் கொடுத்த பேனா திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.