ஒலிக்காத மணி

ஊரிலிருந்து முதிய பெற்றோரை அழைத்து வந்து உடன் வைத்துக் காக்கும் தமிழ்க் குடும்பங்கள் தில்லியில் பல உள. எங்கள் இல்லமும் அவற்றுள் ஒன்று. 78 வயதான எங்கள் அன்னையார் கும்பகோணத்தை விட்டு இங்கு வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அவருக்கு இந்தி தெரியாது. அண்டை வீட்டாரைத் துணைக்கு அழைக்கவும் இயலாது. ஆதலின், அவர் கட்டிலருகே அழைப்புப் பொத்தான் ஒன்றை அமைத்தோம்.

பொத்தானை அழுத்தினால், செய்தி கம்பியில்லா அலையாக அவ்வறையிலுள்ள சிறு பெட்டிக்குச் செல்லும். முன்கூடத்து வைஃபை பின்னறைவரை எட்டாமையால், பெட்டியிலிருந்து ரௌட்டர்வரை செய்தியை வீட்டு மின்கம்பி வழியே கொண்டு செல்ல இரண்டு அடாப்டர்களைப் பொருத்தினோம். ரௌட்டர் எங்கள் அறை மணியை ஒலிக்கச் செய்யும். மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைவது. அடாப்டர் அனுப்பும் செய்தியோ 20 இலட்சம் முறைக்கு மேல் அலைவது. ஆதலின் ஒரே கம்பி இரண்டையும் சுமக்கிறது.

பகலில் சோதித்தபோதெல்லாம் மணி ஒலித்தது. இரவில் சில நாள் ஒலிக்கவில்லை. "நீங்கள் சரியாக அழுத்தியிருக்க மாட்டீர்கள், அம்மா" என்றோம். "அழுத்தினேன், தம்பி, நீங்கள்தாம் வரவில்லை" என்றார் அவர். ஓரிரவு எங்களுக்காகக் காத்திருந்து, பின் தாமே எழுந்து நடந்தவர், கால் இடறி விழுந்தார். இடக்கை மணிக்கட்டில் எலும்பு விரிந்தது. அவர் சொல்லை நம்பாத எங்கள் பிழையை அன்று உணர்ந்தோம்.

அதன்பின் முறையாக ஆராயத் தொடங்கினோம். செய்தி செல்லும் வழியில் எந்தப் பகுதி அறுகிறது என்பதையன்றோ முதலில் அறிய வேண்டும்? பொத்தானின் செய்தி வந்து சேர்ந்தால் பெட்டியிலுள்ள சிறு விளக்கு மின்னும். அழுத்திய நேரத்தையும், விளக்கு மின்னியதா என்பதையும் அன்னையாரே நாட்காட்டித் தாளில் குறித்து வந்தார். ஒரு வாரத்தில் உண்மை புலப்பட்டது. நள்ளிரவில் விளக்கு மின்னியது, மணிதான் ஒலிக்கவில்லை. குற்றம் பொத்தானிலும் இல்லை, அன்னையாரிடமும் இல்லை. மின்கம்பி வழியில்தான் தடை இருந்தது.

இரவில் இயங்கும் கருவிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தோம். ரௌட்டரின் அருகே நாங்கள் உறங்கப் போகுமுன் செருகும் கைப்பேசிச் சார்ஜரைக் கழற்றியவுடன் மணி ஒலித்தது; மீண்டும் செருகினோம், அடங்கிவிட்டது. தரமற்ற அந்தச் சார்ஜர் கம்பியில் எழுப்பிய மின் இரைச்சல் செய்தியை அமிழ்த்தியிருக்கிறது. மேலும், அடாப்டரை மின்னேற்றத்திலிருந்து காக்கும் எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மாட்டியிருந்தோம். அத்தகைய பெட்டியிலுள்ள வடிகட்டி செய்தியையும் வலுவிழக்கச் செய்யும். அடாப்டரை நேரே சுவரிலுள்ள பிளக்கில் மாட்டினோம், சார்ஜரை விலக்கினோம்.

மாலையில் சில வேளை விளக்கே மின்னாதிருந்ததையும் நாட்காட்டி காட்டியது. அது கம்பியில்லாப் பகுதியின் குறை. அடுத்த சமையலறையில் மைக்ரோவேவ் அடுப்பில் பால் சூடாகும் நேரம் அது. எங்கள் பொத்தான் ஜிக்பீ முறையில் இயங்குவது. அதுவும் அவ்வடுப்பும் ஏறத்தாழ 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையையே பயன்படுத்துகின்றன. பொத்தானுக்கும் பெட்டிக்கும் நடுவே இரும்புப் பீரோவும் நின்றது. பீரோவை நகர்த்திப் பெட்டியை உயரமான இடத்தில், கட்டிலுக்கு அருகே வைத்தோம். அக்குறையும் நீங்கியது.

நான்கு மாதங்களாக மணி தவறவில்லை. எனினும், மின்சாரம் நின்றால் அடாப்டரும் நின்றுவிடும் என்பதால் கட்டிலருகே ஒரு வெண்கலக் கைமணியும் வைத்திருக்கிறோம்.

இத்தகைய கருவிகளை அமைக்கும் அன்பர்களுக்கு ஒரு சொல். பகலில் மட்டுமன்றி இரவிலும் சோதியுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, விளைவைக் குறித்து வையுங்கள். கருவி தவறினால், அழுத்திய கையை முதலில் ஐயுறாதீர்கள்.

ஞாயிறுதோறும் இரவில் அன்னையார் சோதனைக்காகப் பொத்தானை அழுத்துகிறார். "வந்துவிட்டோம், அம்மா" என்று அவர் அறைக்கு ஓடுகிறோம்.