தண்ணீர் குடித்த லாரி

வைத்தியரிடம் போகும் நோயாளி வாய் திறந்து பேசுவான். பொய்யோ நிஜமோ, "இங்கே வலிக்கிறது" என்று ஓர் இடத்தைத் தொட்டாவது காட்டுவான். மோட்டார் வண்டிக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அதன் சார்பில் பேசுவதற்கு ஒரு சொந்தக்காரரும் ஒரு டிரைவரும் வருவார்கள். சொந்தக்காரருக்கு விஷயம் தெரியாது. டிரைவருக்குத் தெரியும், ஆனால் சொல்ல மாட்டார். இந்த இருவருக்கும் நடுவே நின்று உண்மையைக் கண்டுபிடிக்க வேண்டியவர் பட்டறை மேஸ்திரி. துப்பறியும் நாவல் எழுதுகிறவர்கள் ஒரு வாரம் மோட்டார்ப் பட்டறையில் போய் உட்கார்ந்து வந்தால் நல்லது என்பது என் அபிப்பிராயம்.

2018-ஆம் வருஷம் வைகாசி மாதத்தில் எனக்கு அந்தச் சந்தர்ப்பம் வாய்த்தது. நாமக்கல்லில் இருக்கும் என் மைத்துனனுக்குச் சொத்து என்று சொல்லிக்கொள்ள ஒரு பழைய சின்ன லாரி உண்டு. கடன் என்று சொல்லிக்கொள்ளவும் அதே லாரிதான். கீழேயிருந்து சிமெண்டும் மளிகையும் ஏற்றிக்கொண்டு கொல்லிமலைக்குப் போகும். மலையிலிருந்து பலாப்பழமும் வாழைத்தாரும் கொண்டுவரும். காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே ஏறுவதற்குள் 70 கொண்டை ஊசி வளைவுகள். சும்மா உட்கார்ந்து போகிறவர்களுக்கே தலை சுற்றும். மூட்டை சுமந்து ஏறுகிற இஞ்சினைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த லாரி திடீரென்று தண்ணீர் குடிக்க ஆரம்பித்துவிட்டது. தினமும் காலையில் ரேடியேட்டரைத் திறந்தால் இரண்டு லிட்டர் குறைந்திருக்கும். கீழே ஒரு சொட்டு ஒழுகின அடையாளம் கிடையாது. மலையில் பாதி தூரம் போவதற்குள் கொதித்து நின்றுவிடும். ஒரு பட்டறையில் "ஹெட் கேஸ்கட் போய்விட்டது" என்று மாற்றிக் கொடுத்தார்கள். இரண்டு வாரம் ஓடியது. பிறகு பழைய கதை. மறுபடியும் கழற்றினார்கள். ஹெட்டைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் காற்று அடித்துப் பார்த்தார்கள். குமிழி வரவில்லை. "ஹெட் நன்றாக இருக்கிறது" என்று இன்னொரு கேஸ்கட் போட்டார்கள். பத்தாம் நாள் லாரி மறுபடியும் தாகத்தோடு வந்து நின்றது. அதற்குள் இரண்டு மாதத் தவணை பாக்கி. மூன்றாவது பாக்கியும் விழுந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற நிலையில்தான், யாரோ சொல்லி, மைத்துனன் அந்தக் கிழ மேஸ்திரியிடம் போனான். துணைக்கு என்னையும் அழைத்துப் போனான்.

மேஸ்திரி முதலில் ஆயில் குச்சியை உருவிப் பார்த்தார். எண்ணெய் கறுப்பாக இருந்தது. "ஆயில்ல தண்ணி கலந்திருந்தா காப்பி மாதிரி வெளுத்துப் போயிருக்கும். அந்தப் பக்கம் போகலைங்க" என்றார். பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து இஞ்சினை ஓட்டச் சொன்னார். தண்ணீர் அசையாமல் கிடந்தது. என் மைத்துனன் முகம் வாடியது. "இருங்க தம்பி, இன்னும் அதுக்குச் சூடே ஏறலை" என்று சொல்லிவிட்டு மேஸ்திரி டீ குடிக்கப் போய்விட்டார்.

அரை மணி கழித்துப் பார்த்தால், பொரி பொரியாகக் குமிழிகள்!  இஞ்சினுக்குள் எரியும் வாயு தண்ணீருக்குள் புகுந்துகொண்டிருந்தது. எந்த சிலிண்டரிலிருந்து? ஒவ்வொரு நாஸிலுக்கும் டீஸல் போகும் குழாயின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். டீஸல் போகாத சிலிண்டர் எரியாது அல்லவா? மூன்றாவதைத் தளர்த்தியபோது குமிழிகள் பாதியாகக் குறைந்தன. ஹெட்டைக் கழற்றியபோது மற்ற மூன்று பிஸ்டன்களும் கரி பிடித்துக் கிடந்தன. மூன்றாவது மட்டும் பளபளவென்று தேய்த்து வைத்த பாத்திரம் மாதிரி இருந்தது. உள்ளே கசிந்த தண்ணீர் ஆவியாகிக் கரியைக் கழுவிவிட்டிருந்தது. கேஸ்கட்டில் எங்கும் தீய்ந்த தடம் இல்லை.

அப்புறம் அதே தொட்டிச் சோதனை. ஆனால் கொதிக்கக் காய்ச்சிய தண்ணீரில். ஹெட்டின் துவாரங்களையெல்லாம் ரப்பரும் தகடும் வைத்து அடைத்து, காற்று அடித்து, காத்திருந்தார்கள். ஹெட்டில் சூடு ஊற ஊற, மூன்றாவது சிலிண்டரின் இரண்டு வால்வுகளுக்கு நடுவிலிருந்து நூல் பிடித்தாற்போல் குமிழிகள் கிளம்பின. சுண்டுவிரல் நகத்தளவு விரிசல்! ஆறிக் கிடந்தபோது வாய் மூடிக்கொண்டிருந்தது. சூடேறினதும் வாய் திறந்தது.

அந்த இடத்தில் ஏன் விரிசல் விழ வேண்டும் என்று கேட்டேன். மேஸ்திரி சொன்னதையும் பின்னால் நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன். டீஸல் இஞ்சினில் தீப்பொறி வைக்கும் பிளக் கிடையாது. காற்றைப் பதினேழு, பதினெட்டில் ஒரு பங்காக அமுக்கினால் அதுவே 500 டிகிரிக்கு மேல் சூடாகிவிடும். அதில் டீஸலைப் பீச்சினால் தானே பற்றிக்கொள்ளும். ருடால்ஃப் டீஸல் 1897-இல் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக் காட்டிய இஞ்சின், எரிபொருளின் சக்தியில் சுமார் 26 சதவிகிதத்தை வேலையாக மாற்றியது. அது அந்நாளில் பெரிய அதிசயம். இன்றைய லாரி இஞ்சின்கள் அதைவிடக் கெட்டிக்காரத்தனமானவைதான். ஆனாலும் நாம் ஊற்றுகிற டீஸலில் பாதிக்கு மேல் இன்றும் வெறும் சூடாகவே போகிறது. எரியும் வாயுவின் வெப்பம் 2,000 டிகிரியை எட்டும். வார்ப்பிரும்போ 1,200 டிகிரியில் உருகிவிடும். ஹெட்டை உருகாமல் காப்பாற்றுவது அதற்குள் ஓடுகிற தண்ணீர்தான்.

இரண்டு வால்வுகளுக்கு நடுவே இருப்பது ஒரு குறுகலான இரும்புப் பாலம். அதன் ஒரு பக்கம் புகை வெளியேறுகிற கொதிப்பு. இன்னொரு பக்கம் புதுக் காற்றின் குளிர்ச்சி. கொதித்து நிற்கிற இஞ்சினில் திடீரென்று பச்சைத் தண்ணீரைக் கொட்டினால் தண்ணீர் பட்ட பக்கம் சட்டென்று சுருங்கும். நெருப்பு பட்ட பக்கம் விரிந்தபடியே இருக்கும். வார்ப்பிரும்பு எவ்வளவு அமுக்கினாலும் தாங்கும், இழுத்தால் தாங்காது.

மேஸ்திரி டிரைவரைப் பார்த்தார். "ஊத்தினியா?" என்று கேட்கவில்லை. "மலையில எத்தனை தடவை ஊத்தினே?" என்று கேட்டார்.

டிரைவர் ஒன்றும் பேசவில்லை. என் மைத்துனன் முகம் சிவந்துகொண்டு வந்தது. கடைசியில், "ரெண்டு தடவைங்க. ஓடைத் தண்ணி. பழம் அழுகிப்போச்சுன்னா ஓனர் கூலியில பிடிச்சுக்குவாரு" என்றான் டிரைவர், தரையைப் பார்த்துக்கொண்டு.

மைத்துனன் கையை ஓங்காத குறைதான். மேஸ்திரி ஒரு வார்த்தையும் பேசாமல் ரேடியேட்டரின் அடிக் குழாயைக் கழற்றி, உள்ளே ஒரு கம்பியை விட்டுச் சுரண்டினார். வெந்நீர் அண்டாவின் அடியில் படியுமே, அந்த மாதிரி வெள்ளைக் கல் பொடிப்பொடியாக உதிர்ந்தது.

"கூலண்ட் ஊத்தாம வீட்டுப் போர்த் தண்ணியை ஊத்தச் சொன்னது யாருங்க தம்பி? அவன் ஊத்தினது கொதிச்ச பிறகு. கொதிக்க வச்சது இது."

மைத்துனன் பதில் சொல்லவில்லை. அவன் கை மட்டும் கீழே இறங்கிவிட்டது.

இனி வைத்தியம். புது ஹெட் வாங்கப் பணம் இல்லை. வெல்டிங் வைப்பதானால் ஹெட் முழுவதையும் உலையில் 600 டிகிரி வரை காய்ச்சி, வைத்த பிறகு சாம்பலில் புதைத்து ஒரு நாள் முழுக்க மெள்ள ஆறவிட வேண்டும். அவசரப்பட்டால் பக்கத்திலேயே புது விரிசல் விழும். மேஸ்திரி மூன்றாவது வழியைச் சொன்னார்: தையல்! இரும்புக்குத் தையல் போடுவார்கள் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். முதலில் விரிசலின் இரண்டு முனைகளிலும் துளை போட்டார்கள், அது மேலே ஓடாமலிருக்க. பிறகு வரிசையாகத் துளையிட்டு, மரை வெட்டி, திருகாணிகளை இறுக்கினார்கள். ஒவ்வொரு திருகாணியும் முந்தியதன் ஓரத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தது. மேலே தட்டிச் சமன் செய்து, வால்வு உட்காரும் இடத்தில் புது வளையம் பதித்து, ஹெட்டின் முகத்தை இழைத்தார்கள். மறுபடியும் வெந்நீர்த் தொட்டி. ஒரு குமிழியும் இல்லை. "எல்லா விரிசலுக்கும் இது ஆகாதுங்க. இது சின்னதா இருந்ததால தப்பிச்சுது" என்றார் மேஸ்திரி.

ரேடியேட்டரைக் கழுவினார்கள். தெர்மோஸ்டாட்டை ஒரு பாத்திரத்தில் போட்டுக் கொதிக்க வைத்து அது திறக்கிறதா என்று பார்த்தார்கள். ஹெட் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மூன்று சுற்றில் இறுக்கினார்கள். வண்டி ஓடியது. மைத்துனன் பணத்தை நீட்டினான். மேஸ்திரி வாங்கவில்லை.

"பட்டறையில ஓடினா ஓடினதா ஆகாதுங்க. லோடு ஏத்தி மலைக்குப் போய்ட்டு வந்து கொடுங்க."

மறுநாள் சிமெண்டு ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். டிரைவர் ஒவ்வொரு வளைவிலும் சூட்டு முள்ளைப் பார்த்தான். என் மைத்துனன் டிரைவரைப் பார்த்தான். முப்பதாவது வளைவு, நாற்பதாவது வளைவு என்று நான் எண்ணிக்கொண்டே வந்தேன். ஐம்பதைத் தாண்டியதும் முள் கொஞ்சம் ஏறியது. டிரைவரின் கால் தயங்கியது. ஆனால் அவன் வண்டியை நிறுத்தவில்லை; பக்கத்தில் இருந்தவர் முகத்தை ஒரு தடவை பார்த்தான்.

"ஓரமா நிறுத்துப்பா" என்றான் மைத்துனன். "கொதிக்கலைதான். இருந்தாலும் ஆறட்டும். இனிமேல் நான் கூட வராத நாளிலும் முள் ஏறினா நிறுத்திடு. பழம் அழுகினா அழுகட்டும். அது உன் கணக்கிலே வராது."

டிரைவர் வண்டியை ஓரங்கட்டினான். மூவரும் இறங்கி நிழலில் உட்கார்ந்தோம். முக்கால் மணி நேரம் யாரும் ரேடியேட்டர் மூடியில் கை வைக்கவில்லை. அப்புறம் வண்டி மிச்சமிருந்த வளைவுகளை நிதானமாக ஏறி முடித்தது. மேஸ்திரிக்குச் சேர வேண்டிய பணம் அன்று சாயங்காலமே போய்ச் சேர்ந்தது.